ஒன்பதாம் ரீலும் பதினோராம் ரீலும்

அந்தப் படத்தை நான் திண்டிவனத்தில் நான்கு முறை பார்த்தேன். என் மனைவி விழுப்புரத்தில் இரண்டு முறை பார்த்தாள். அப்போது நாங்கள் ஒருவரையொருவர் அறியோம். நான் பதினொன்றாம் வகுப்பு, அவள் எட்டாம் வகுப்பு. விழுப்புரத்தில் ஒரு வாரம் ஓடி முடிந்ததும் படப்பெட்டி பேருந்தில் ஏறித் திண்டிவனம் வந்தது. அங்கே எட்டு நாள் ஓடியது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. தயாரித்தவர்களுக்கும் உரிமை வாங்கியவர்களுக்கும் இடையே வழக்கு என்று சொன்னார்கள். தொலைக்காட்சியில் ஒரு முறைகூடக் காட்டவில்லை. பாட்டுகள் மட்டும் கேசட்டில் உயிர் பிழைத்து, பிறகு கைபேசிக்குள் வந்து, இன்றைக்கு இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள்கூடப் பன்னிரண்டு பாட்டையும் வரி பிசகாமல் பாடுகிறார்கள். படத்தையே பார்த்தவர்கள் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் இரண்டு எங்கள் வீட்டில் இருந்தன. அவை ஒத்துப்போகவில்லை.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகள். மூன்றாவது வாரத்திலேயே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. இருவரும் அந்தப் படத்தின் பைத்தியம் என்று தெரிந்ததும் முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அன்று மாலை டைரியிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். மறுநாள் கதையை வரிசையாகப் பேச ஆரம்பித்தோம். இடைவேளை வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை.

கதை இதுதான். கடற்கரை ஊர், சுற்றிலும் உப்பளம். நாயகியின் அண்ணன் கப்பல் வேலைக்குப் போனவன். ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் நாயகன் அவளுக்கு ஒரு பெரிய மரப்பெட்டி ரேடியோ செய்து கொடுக்கிறான். தினமும் மாலையில் அதில் அண்ணனின் குரல் வரும், ஒரு பாட்டுப் பாடும். படத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை, எல்லாம் பாட்டுத்தான். இடைவேளைக்குப் பிறகு மூன்று கட்டங்கள். நாயகி கதவைச் சாத்திக்கொண்டு பேச்சையே நிறுத்திவிடுகிறாள், வெளியே நின்று நாயகன் பாடுகிறான். அது ஒன்று. நாயகன் உப்பளத்தில் தனியாக அலைகிறான், அது இன்னொன்று. நாயகி ரேடியோவின் முதுகைத் திருப்பிப் பார்க்கிறாள், உள்ளே ஒன்றுமே இல்லை, ஒரு கம்பி மட்டும் சுவருக்குள் போய் நாயகனின் கடையில் முடிகிறது. அண்ணன் கடலில் இறந்து வெகுநாள் ஆகிவிட்டது. அத்தனை நாளும் பாடியவன் நாயகன்தான். இது மூன்றாவது.

நான் பார்த்த படத்தில் இந்த மூன்றும் நான் சொன்ன வரிசையில் வந்தன. அவள் பார்த்த படத்தில் ரேடியோ முதலில், உப்பளம் அடுத்து, கதவு கடைசியில்.

"பொட்டி காலின்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் தான கதவ சாத்துவா? எதுக்குன்னு காரணமே இல்லாம எவளாவது கதவ சாத்திக்குவாளா?" என்றாள்.

"அதான் படமே. காரணம் நமக்குத் தெரியாது. அவனுக்கு மட்டும் தெரியும். உப்பளத்துல கண்ண மூடுவான், அப்ப தான் நமக்குக் காட்டுவாங்க."

"கொட்டாயில கனா கண்டுக்கினு இருந்தீங்களா?"

"நாலு தடவையுமா கனா வரும்?"

"திண்டிவனத்துக்காரங்க எதையும் தலகீழா தான் பாப்பீங்க."

பாட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். தியேட்டர் வாசலில் விற்ற நான்கு பக்கத் தாள் அது. அதிலாவது தீர்ப்புக் கிடைக்கும் என்று நினைத்தேன். பாட்டுப் புத்தகங்களின் வழக்கப்படி பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, அண்ணனின் குரல் எங்கிருந்து வருகிறது, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருந்தார்கள். பாட்டுகளையும் படத்தில் வரும் வரிசையில் அச்சடிக்கவில்லை, இடத்துக்குத் தகுந்தபடி சின்னதும் பெரியதுமாக அடைத்திருந்தார்கள். நான் அளந்து எழுதுகிற ஆள். நில அளவையில் முப்பது ஆண்டாக வேலை. ஒரு வரப்பு இங்கே இருக்கிறதா அங்கே இருக்கிறதா என்று இரண்டு பங்காளிகள் அடித்துக்கொள்ளும்போது நடுவில் சங்கிலியோடு நிற்பவன். என் வீட்டுக்குள் இருந்த இந்த வரப்பை மட்டும் என்னால் அளக்க முடியவில்லை.

இது வெறும் வரிசைச் சண்டையாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். நாயகன் யார் என்பதிலேயே எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. எனக்கு அவனைப்போல் ஒரு மனிதன் திரையில் வந்ததில்லை. அவளுக்கு அவன் திருடன்.

"செத்துப்போன அண்ணன வச்சு ஏமாத்துனவன். அவனுக்கு பாட்டு ஒரு கேடா?" என்பாள். அதே மூச்சில் அடுக்களையில் அவன் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

இந்த ஆண்டு செய்தி வந்தது. எங்கோ ஒரு கிடங்கில் முழுப் பிரதி கிடைத்திருக்கிறது, வழக்கும் முடிந்துவிட்டது, கோடுகள் கீறல்கள் எல்லாம் துடைத்துப் புதிதாக வெளியிடுகிறார்கள், விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சி. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் பார்த்தேன். அந்தக் குழுவில் நான் ஏழு ஆண்டாக இருக்கிறேன். கதவுப் பாட்டுக்குப் பிறகுதான் ரேடியோ திறக்கும் காட்சி என்று மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் சிரிக்கிற முகங்கள் பதிலாக வந்தன. பாண்டிச்சேரிப் பையன் ஒருவன், "சார், உங்க ஊருக்குன்னு தனியா எடுத்தாங்களா?" என்று கேட்டான். இனி அந்தப் படமே வந்து பேசட்டும் என்று காத்திருந்தேன். அந்த எட்டு நாளில் பார்த்ததை இன்னும் ஒரே ஒரு முறை பார்த்துவிட வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேல் எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஒன்பதரை மணிக் காட்சிக்கு எட்டு ஐம்பதுக்கே போய்விட்டோம். வாசலில் வெள்ளைச் சட்டையில் ரேடியோப் படம் அச்சடித்துப் போட்ட கூட்டம். என்னை விடப் பாதி வயது. ஒரு பெண் நாயகியைப் போலவே நீலப் புடவை கட்டி, கையில் அட்டையால் செய்த ரேடியோவோடு வந்திருந்தாள். என் மனைவி அவளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே போனதும் அது போய்விட்டது.

பெயர் போடும்போதே கூச்சல். முதல் பாட்டு தொடங்கியதும் ஐம்பது பேர் திரைக்கு முன்னால் ஓடினார்கள். கைபேசி விளக்குகளை ஆட்டினார்கள். ஒவ்வொரு வரியையும் நாயகனுக்கு அரை நொடி முன்னால் பாடினார்கள். எனக்குப் பாட்டுத் தெரியாதா? எனக்கும் தெரியும். நான் கேட்க வந்தது பாட்டுக்கு நடுவில் இருக்கிற ஓசைகளை. உப்பளத்தில் பலகை இழுபடும் சத்தம், ரேடியோவைத் திருகும்போது வரும் கரகரப்பு. இவை கேசட்டில் கிடையாது. அன்றைக்குத் தியேட்டரில் மட்டும்தான் இருந்தன. இன்றைக்குத் தியேட்டரிலும் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். எட்டாம் ரீல் முடியும் இடம் எனக்குத் தெரியும். நாயகி விளக்கை ஏற்றுகிறாள், திரை இருள்கிறது. அடுத்தது கதவு. சாத்திய கதவும் வெளியே நிற்கும் அவன் முதுகும்.

திரை வெளுத்தது. நாயகி கையில் திருப்புளியோடு ரேடியோவின் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

என் விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி. "பாத்தீங்களா? நான் என்னா சொன்னேன்?"

அவள் சொன்ன வரிசையிலேயே எல்லாம் வந்தன. பெட்டி காலி, உப்பளம், கதவு. கதவுப் பாட்டில் ஒவ்வொரு வரிக்கும் பிறகு நாயகன் நிறுத்துவான். உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்திருக்கும் இடைவெளி அது. திண்டிவனத்தில் அந்த இடைவெளியில் தரை டிக்கெட்டில்கூட யாரும் இருமவில்லை. எதற்காகக் கேட்கிறான் என்று தெரியாமல் நாங்களும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுப்புரத்தில் அந்த இடைவெளி வந்ததும் ஐம்பது பேரும் திரையைப் பார்த்து, "தொறக்காத! தொறக்காத!" என்று கத்தினார்கள். சிரிப்பு. விசில். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. பத்து நிமிடம் முன்புதான் அவன் பொய் அம்பலமாகியிருக்கிறது. பொய் சொன்னவன் கதவைத் தட்டினால் எவனும் அப்படித்தான் கத்துவான். அந்த வரிசையில் அது ஒரு சாதாரணப் படம். தப்புச் செய்தான், பிடிபட்டான், கெஞ்சுகிறான். நான் நேசித்தது இதை இல்லை.

படம் முடிந்ததும் மேனேஜர் அறைக்குப் போனேன். வேண்டாம் என்று மனைவி கையைப் பிடித்தாள். போனேன்.

"இடைவேளைக்குப் பின்னாடி மூணு பகுதி முன்ன பின்ன ஒட்டியிருக்காங்க. அடுத்த காட்சியில மாத்திப் போட முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொட்டி காலம் போயிடுச்சு சார். அவங்க ஒரே ஃபைலா அனுப்பறாங்க. நாங்க சர்வர்ல ஏத்திட்டு பட்டன அமுத்தறதோட சரி. இடைவேளகூட அவங்க சொல்ற எடத்துல தான். நடுவுல கைய வச்சா போன் வரும்."

"தப்பா இருந்தாலுமா?"

"சார், நீங்க யாரு, டைரக்டருங்களா?"

"சர்வேயரு," என்றாள் மனைவி, என் பின்னாலிருந்து. மேனேஜர் சிரித்துவிட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மதியச் சாப்பாடு மனைவியின் சித்தப்பா வீட்டில். அவர் அந்தக் காலத்தில் விழுப்புரத்தில் அந்தப் படம் ஓடிய தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் தயவில்தான் என் மனைவி இரண்டாம் முறை டிக்கெட் இல்லாமல் பார்த்தாள். எண்பதை நெருங்கிவிட்டார். காது நன்றாகக் கேட்கும், வாய் அதைவிட நன்றாகப் பேசும். சாதத்தைப் போடுவதற்கு முன்பே மனைவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "இருபத்தாறு வருசம், சித்தப்பா. இன்னிக்கி தான் ஒத்துக்கினாரு."

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்?" என்றேன்.

அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார். "மாப்ள, திண்டிவனத்துல கதவு மொதல்ல வந்துச்சா?"

"ஆமாம் மாமா."

"வந்திருக்கும், வந்திருக்கும். நான் தான் அனுப்பினேன்."

கையில் இருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"ஏழாம் நாளு கடைசி ஆட்டம் முடிஞ்சுது. மறுநா காலைல ரீல சுத்தி டப்பால போட்டுக்கினு இருக்கேன். பொட்டிய எடுத்துக்கினு போற ஆளு தலமேல நின்னுக்கினு, பஸ்ஸு போயிடும், ஜல்தி ஜல்தின்னு உயிர எடுக்கறான். ஒம்பதாம் டப்பா மூடியும் பதினொன்னாம் டப்பா மூடியும் மாறிப்போச்சு. ஒம்பதுல ரேடியோ, பதினொன்னுல கதவு. ரீலு மொனையில ஆணியால நம்பரு கீறி இருப்பாங்க. நாலு ஊரு சுத்தி வந்த ரீலு, மொன கிழிஞ்சு கிழிஞ்சு நம்பரே கெடையாது. அந்த ஊரு ஆபரேட்டரு மூடியப் பாத்து தான மாட்டுவான்?"

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. பொட்டி போன அப்புறம் ஒக்காந்து யோசிக்கிறேன், நெஞ்சு திக்குங்குது. சாயங்காலமே பஸ் கண்டக்டர் கையில சீட்டு எழுதி உட்டேன். மூடி மாறிப்போச்சு, மாத்தி மாட்டிக்கோன்னு."

"அப்புறம்?"

"ரெண்டாம் நாளு அதே கண்டக்டர் கையில பதிலு வந்துச்சு." அவர் மோரை ஒரு வாய் குடித்தார். "ஜனம் கை தட்டுது, மாத்தமாட்டேன். அவ்ளோ தான் எழுதி இருந்தான்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன் சித்தப்பா, இத்தினி வருசமா இவரு கூட நான் மல்லு கட்டறேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா? புருசன் பொண்டாட்டி சண்டையில நான் எதுக்கு பூரணும்? அதுவும் என் மூடியால வந்த சண்டன்னு எனக்கு எப்டி தெரியும்?"

"அந்த ஆபரேட்டர் இப்போ எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"அவன் போயி சேந்து பத்து வருசம் இருக்கும். நல்ல கைகாரன். குடிப்பான்."

திரும்பும் பேருந்தில் மனைவி தூங்கிவிட்டாள். வெற்றி பெற்றவர்களுக்கு வரும் தூக்கம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. நான் கனவு காணவில்லை என்பது உறுதியாகிவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் பார்த்த படத்தை யாரும் எடுக்கவில்லை. ஒருவர் அவசரத்தில் செய்த பிழை, இன்னொருவர் திருத்த மறுத்த பிடிவாதம், எட்டு நாள். எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அவர்களில் யார் இதை நினைவு வைத்திருப்பார்கள்? கிடங்கில் கிடைத்த பிரதியைத் துடைத்தவர்களிடம் போய், உங்களிடம் இருப்பது சரியான படம், ஆகவே தவறு என்று சொல்லவா முடியும்?

அன்று மாலை குழுவில் நடந்ததை முழுவதும் எழுதினேன். மூடி, சீட்டு, பதில், எல்லாம். பாண்டிச்சேரிப் பையன் எழுதினான்: "சார் செம கத. நீங்களே படம் எடுக்கலாம்." கீழே மறுபடியும் சிரிக்கிற முகங்கள். பதினெட்டு வரை எண்ணிவிட்டுக் கைபேசியை வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் படம் வீட்டுத் தொலைக்காட்சிக்கே வந்தது. இதற்காகவே காத்திருந்தேன். ஓமந்தூர்ப் பக்கம் வேலை முடித்து வந்த ஒரு மாலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் நிமிடமும் நொடியும் தாளில் குறித்தேன். கதவு இங்கிருந்து இங்கு வரை. உப்பளம் இங்கிருந்து இங்கு வரை. ரேடியோ இங்கிருந்து இங்கு வரை. சர்வரில் முடியாதது ரிமோட்டில் முடியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"ஒரே ஒரு தடவ என் படத்தப் பாரு," என்றேன்.

"எல்லாம் தெரிஞ்ச கத தானங்க."

"தெரியாத மாதிரி பாரு."

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ரிமோட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "நீங்க நேரத்தச் சொல்லுங்க, நான் அமுத்தறேன்."

எட்டாம் ரீல் முடிந்தது. நான் நேரத்தைச் சொன்னேன். அவள் அழுத்தினாள். கதவுக்குப் பதிலாகப் பாட்டின் நடுவில் போய் விழுந்தது. பின்னால் இழுத்தாள், பற்பசை விளம்பரம் வந்தது. விளம்பரம் முடியும் வரை நாங்கள் இருவரும் பல் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு கதவு வந்தது. அவன் முதுகு வந்தது.

"ஏங்க," என்றாள் அவள், "இவ எதுக்கு கதவ சாத்திக்கினா?"

நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தை வெகு அப்பாவியாக வைத்திருந்தாள். எனக்காகத்தான் கேட்டாள்.

"தெரியாது," என்றேன்.

"பாவம், எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருக்கான்."

இருபத்தாறு ஆண்டில் அவனைப் பாவம் என்று அவள் வாயால் நான் கேட்டதில்லை. முதல் வரி முடிந்தது. இடைவெளி வந்தது. கூச்சல் இல்லை. வெளியே தெருவில் ஒரு வண்டி போன சத்தம் மட்டும். இரண்டாம் வரி. மறுபடியும் இடைவெளி. பாட்டு முடிந்து உப்பளத்துக்குத் தாவினோம். இந்த முறை சரியான இடத்தில் விழுந்தது. அவன் நடந்தான், உட்கார்ந்தான், கண்ணை மூடினான். இப்போது, என்றேன். அவள் அழுத்தினாள்.

நாயகி திருப்புளியோடு நின்றாள். அவ்வளவுதான். உப்பளத்தில் இருந்த அதே பளிச்சென்ற வெளிச்சம். திண்டிவனத்தில் அந்த இடத்தில் திரை முழுக்க மழை பெய்தது போலக் கோடுகள் ஓடும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மங்கி, பிறகு மெல்லத் தெளியும். அது பழைய நினைவு என்று யாரும் சொல்லாமலேயே எங்களுக்குத் தெரிந்தது. அவை ரீலின் முனையில் விழுந்த கீறல்கள் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். இது நினைவாக இல்லை. நேற்று நடந்ததாகவும் இல்லை. இடம் மாறி வந்த ஒரு காட்சி.

"இது முன்னாடி நடந்ததுன்னு எப்டிங்க தெரியும்?" என்றாள் மனைவி. இந்த முறை நடிக்கவில்லை.

கோடுகளைப் பற்றிச் சொன்னேன். கிணற்றுக் குரலைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல, சொல்கிற எனக்கே அது போதவில்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போன பிறகுதான் அவன் செய்தது தெரிந்தது என்றேன். உனக்கு அவன் செய்தது தெரிந்த பிறகுதான் அவன் பாடினான். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவள் தலையை ஆட்டினாள். திரையில் நாயகி ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றிவிட்டாள். உள்ளே கம்பி மட்டும். நாயகி அந்தக் கம்பியைப் பிடித்துச் சுவர் ஓரமாக நடந்தாள். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கம்பி போய் நின்ற கடையில் விளக்கு எரிந்தது. அவன் அண்ணனின் குரலில் பாடிக்கொண்டிருந்தான்.

"திருட்டுப் பய!" என்று கத்திவிட்டாள்.

பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "தெரியாத மாதிரி தாங்க இருந்தேன். இந்தப் பொட்டியப் பாத்ததும் முடியல."

"பரவாயில்ல," என்றேன்.

"வேணும்னா மறுபடியும் கதவுல இருந்து போடட்டுமா? இந்தத் தடவ வாயத் தொறக்க மாட்டேன்."

வேண்டாம் என்றேன். ரிமோட்டை வாங்கி நிறுத்தினேன். அந்த ரீலில் இன்னும் நான்கு நிமிடம் பத்து நொடி மீதி இருந்தது. அதற்குப் பிறகு நாயகி காலி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடலை நோக்கி நடக்கும் காட்சி வர வேண்டும். திண்டிவனத்து வரிசையில் மட்டும்தான் அந்த இரண்டு காட்சிகளும் ஒன்றையொன்று தொடும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் எழுந்து மாவு கரைக்கப் போய்விட்டாள்.